உங்கள் மேசைச் செடியின் நிலவரம்

திங்கட்கிழமை, போன வருடத்து நேவி ப்ளூ துணியின் மாதிரித் துண்டு ஒன்றைத் தேடி உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்தேன். துண்டு கிடைக்கவில்லை. ஒரு பாலித்தீன் கவர் கிடைத்தது. உள்ளே ஓர் இலை. கவரின் மேல் நம் கம்பெனியின் வழக்கமான சீட்டு, உங்கள் சாய்ந்த கையெழுத்தில்: பொருள், செடி. நிறம், பச்சை. முடிவு, ஒப்புதல். கீழே கையொப்பம். ஸ்டேப்ளர் அடித்து, அதன் மேல் முத்திரையும் குத்தியிருக்கிறீர்கள்.

முதலில் ஒப்புக்கொண்ட துணித் துண்டை இப்படி மூடி முத்திரையிட்டு வைப்போம். பிறகு சாயப்பட்டறையிலிருந்து மொத்தமாக வருகிற ஒவ்வொரு லாட்டையும் அதனோடு வைத்துப் பார்ப்போம். திருப்பூரில் இது எல்லோரும் செய்வது. ஒரு செடிக்கு இதைச் செய்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். இலை இப்போது புகையிலை நிறத்துக்கு வந்துவிட்டது. ஒப்புக்கொண்ட மாதிரியே நிறம் மாறிவிட்டால் என்ன செய்வது என்று நம் கையேட்டில் எழுதவில்லை.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. செடியின் நிலவரத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நல்ல செய்தியா என்று கேட்காதீர்கள். உங்கள் முன்னால் நான் எப்போதும் முடிவை முதலில் சொல்லி, குறையைக் கடைசியில் சொல்வேன். இந்த ஒரு தடவை வரிசையாகச் சொல்கிறேன்.

அது வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள் தொழிற்சாலையைப் பார்க்க வருகிறார்கள், சுற்றுச்சூழல் பற்றிக் கேட்பார்கள் என்று தெரிந்ததும், முதலாளி ஒரே நாளில் சுற்றுச்சூழலை வாங்கிவரச் சொன்னார். இருபத்து நான்கு தொட்டிகள் டெம்போவில் வந்து இறங்கின. வந்தவர்கள் மெச்சினார்கள், படம் பிடித்தார்கள், சான்றிதழ் தந்தார்கள். மூன்று மாதத்தில் இருபத்து மூன்று செடிகள் செத்துப்போயின. சான்றிதழ் மூன்று வருடத்துக்குச் செல்லும்.

மிஞ்சிய ஒன்று உங்கள் மேசையில் இருந்தது. அகலமான கரும்பச்சை இலை, எப்போதாவது குடை பிடித்தாற்போல ஒரு வெள்ளைப் பூ. பீஸ் லில்லி என்று நர்சரிக்காரர் சொன்னாராம். நம் போர்வெல் தண்ணீர் உப்பு என்று நீங்கள் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் கொண்டுவருவீர்கள். காலையில் வந்ததும், கம்ப்யூட்டரைத் தொடும் முன்பே ஆட்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் நுழைப்பீர்கள். பல நாள் அந்த பாட்டிலைத் திறக்கவே மாட்டீர்கள்.

அறை கூட்ட வரும் செல்வியக்கா ஒரு நாள் துடைப்பத்தை ஊன்றி நின்றுகொண்டு கேட்டது ஞாபகம் இருக்கிறது.

"ஏனுங்க சார், தெனமும் வெரல உட்டுப் பாக்கறீங்களே, அதென்ன பாயசமுங்களா?"

"பாயசமா இருந்தா நீங்க இந்நேரம் உட்டு வெச்சிருப்பீங்களாக்கும்?"

"அட, சொல்லுங்க சார்."

"மண்ணு ஈரமா இருந்தா அதுக்குத் தாகம் இல்லீங்கக்கா. நமக்குத்தான் ஊத்தோணும்னு இருக்குது."

செல்வியக்கா சிரித்துக்கொண்டே போனார். எதிர் மேசையிலிருந்த நான் தலையைத் தூக்கவில்லை. எனக்கு அன்று ஒரு கன்டெய்னர் கிளம்ப வேண்டியிருந்தது. எனக்கு என்றைக்கும் ஒரு கன்டெய்னர் கிளம்ப வேண்டியிருந்தது.

குறையுள்ள துணியைத் தடுத்து நிறுத்துவது உங்கள் வேலை, கப்பலேற்றுவது என் வேலை. தரக்கட்டுப்பாடும் மெர்ச்சண்டைசரும் எதிரெதிர் மேசையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்து, ஒருநாள்கூட 'வாங்க போங்க'விலிருந்து இறங்காமல் சண்டை போட்டதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம். உச்சகட்டக் கோபத்தில் நீங்கள் என்னைக் கேட்டது, "உங்களுக்குக் கண்ணு இருக்குதுங்களா, இல்லீங்களா?" அதற்கு மேல் நீங்கள் போனதில்லை. 'ங்க'வும் உங்களை விட்டுப் போனதில்லை.

நிறம் பார்க்க நம்மிடம் ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே மூன்று வகை விளக்கு. ஒவ்வொன்றாகப் போட்டு, துணியையும் மாதிரியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மூன்றிலும் ஒத்துப்போனால் முடிந்தது. உங்களுக்கு மட்டும் நான்காவதாக ஒரு விளக்கு இருந்தது. அந்தப் பீச் நிறச் சட்டை நாளில் நான் சொன்னேன், "மூணு லைட்லயும் ஒத்துப்போகுதுங்க."

"மாடிக்கு வாங்க."

உச்சி வெயிலில் மொட்டை மாடியில் சட்டையை விரித்தீர்கள். உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம்.

"தெரியுதுங்களா?"

"லேசா."

"லேசான்னு ஒரு பதில் இல்லீங்க. தெரியுதுங்களா, தெரியலீங்களா?"

"தெரியுதுங்க. ஆனா இத வாங்கிப் போடறவங்க மாடில நின்னு பாக்கப் போறாங்களா?"

"அப்பறம் எங்க நிப்பாங்க? அட்டப் பொட்டிக்குள்ளயா?"

அந்த லாட் திரும்பிச் சாயப்பட்டறைக்குப் போனது. கப்பல் போய்விட்டது. முதுகுக்குப் பின்னால் உங்களை 'ரிஜெக்ட்டு சார்' என்று கூப்பிட ஆரம்பித்ததும் அந்த வாரத்தில்தான். ஆரம்பித்தவன் நான். உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

என் திறமை வேறு. இத்தனை உருப்படிகளை எடுத்துப் பார்த்தால் இத்தனை குறைகள் வரை இருக்கலாம் என்று நம் தொழிலில் ஓர் அட்டவணை உண்டு. பெரிய குறை 'மேஜர்', சிறிய குறை 'மைனர்'. சரக்கு வாங்கும் பையரின் ஆள் மேஜர் என்று எழுதப்போன பேனாவைப் பேசிப் பேசியே மைனருக்குக் கொண்டுவருவதில் இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று முதலாளியே பொங்கல் விருந்தில் சொல்லியிருக்கிறார். அன்று நீங்கள் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இனி டீக்கடைக்கு வருகிறேன். சண்டையெல்லாம் அறைக்குள், டீக்கு மட்டும் எப்போதும் சேர்ந்தே போனோம். கோடைக்காலம், பகல் பதினொரு மணி. நீங்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றீர்கள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. உங்கள் விழியின் வெள்ளை மஞ்சளாக இருந்ததைப் பார்த்தேன். பட்டறையில் லெமன் என்பார்களே, அதற்கு ஒரு படி கீழே.

"என்னுங்க அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. ராத்திரி தூங்கலீங்களா?"

"ஷிப்மென்ட்டு முடியறவரைக்கும் தூக்கம் எங்கீங்க?"

நான் தலையாட்டினேன். அந்த வாரம் ஒரு பெரிய ஆர்டர் பெட்டி கட்டவேண்டியிருந்தது. உங்கள் கையெழுத்தில்லாமல் அது வாசலைத் தாண்டாது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் யார் போடுவார்கள் என்று அந்த நொடியில் நான் நினைக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை.

அறைக்குத் திரும்பியதும் டியூப்லைட் வெளிச்சத்தில் உங்களை இன்னொரு முறை பார்த்தேன். மஞ்சள் தெரியவில்லை. நிம்மதியாக இருந்தது. நிறத்தை எந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும் என்று பத்தொன்பது வருடம் உங்களிடம் திட்டு வாங்கியவன் நான். எனக்கு வசதியான விளக்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பத்தொன்பதாம் நாள் உங்கள் மகள் போன் செய்தார். கோவையில் ஆஸ்பத்திரி, கணையத்தில் கட்டி. கண் எப்போதிருந்து மஞ்சளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கு நீங்கள் "கவனிக்கலீங்க" என்றீர்களாம். நூறு மீட்டர் துணியில் ஊசி முனை அளவு ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவர் சொன்ன பதில். முன்னமே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று உங்கள் மகள் கேட்டிருக்கிறார். சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். அந்தப் பதிலை நான் பல தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். அது என்னை விடுவிக்கவுமில்லை, தண்டிக்கவுமில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்த அன்று கையை நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இந்த லைட்டு சரியில்லீங்க," என்றீர்கள். "இதுல எல்லாரும் ஒரே நெறமாத் தெரியறோம்." கொஞ்ச நேரம் கழித்து, "செடியப் பாத்துக்குங்க. எல்லாத்தையும் மைனருன்னு எழுதீறாதீங்க."

சரிங்க என்றேன்.

நீங்கள் போன பிறகு உங்கள் மேசையை யாரும் எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போகிற எல்லோரும் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். செல்வியக்கா காலையில் ஊற்றினார். பேக்கிங் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்து டிபன் கழுவும் முன் பாட்டிலில் மிஞ்சியதை ஊற்றினார்கள். உங்களோடு பேச்சுவார்த்தையே இல்லாத ஸ்டோர் கீப்பர் சாயங்காலம் வந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு ஊற்றினார். முதலாளிகூடக் குடித்த டம்ளரில் மீதி வைத்து ஊற்றியதைப் பார்த்தேன். எதற்கும் ஓர் அட்டவணை வைக்கிற நம் வழக்கப்படி, சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: தேதி, நேரம், ஊற்றியவர் கையொப்பம். ஒரு நாளைக்கு ஐந்து கையொப்பம் இருக்கும். விரல் வைத்துப் பார்த்தவர் என்று ஒரு கட்டம் அதில் இல்லை. நானும் கையொப்பமிட்டேன். அழுவதைவிட அது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது.

இத்தனை தண்ணீரும் தொட்டியின் அடி ஓட்டை வழியாக இறங்கி, புதிதாகப் போட்ட கார்பெட்டை நனைத்தது. நான் செல்வியக்காவிடம் சொன்னேன், "அடியில கம் டேப்பு ஒட்டீருங்கக்கா." கப்பலில் ஒரு மாதம் கிடந்தாலும் பிரியாதபடி அட்டைப் பெட்டிக்கு ஒட்டுகிற டேப். செல்வியக்கா மூன்று சுற்று ஒட்டினார். கார்பெட் காய்ந்தது. நான் அந்த விஷயத்தை மறந்தேன்.

முதல் மஞ்சள் இலை வந்தபோது எண்ணிப் பார்த்தேன். பதினான்கு இலையில் ஒன்று. அட்டவணைப்படி அனுப்பலாம். மூன்றானபோது, ஓரத்து இலைகள், மைனர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையாகவே அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். பிறகு ஒரு காலை செடி முழுக்கத் தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தொங்கிவிட்டது. பார்த்தால் தண்ணீர் இல்லாமல் வாடியது போலவே இருந்தது. அன்று ஒன்பது பேர் ஊற்றினார்கள்.

முதலாளி வந்து பார்த்தார். "வியாழக்கெழம பையர் வர்றாங்க. இதத் தூக்கிப் போட்டுட்டு பிளாஸ்டிக்ல ஒண்ணு வாங்கி வெச்சிருங்க. அதுக்குச் சாவே இல்ல பாருங்க."

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. "ரீபிராசஸ் பண்ணிப் பாக்கலாமுங்க," என்றேன். நிறம் தப்பிய துணியைத் தூக்கி எறியாமல் திரும்பச் சாயத்தில் போடுவதற்குத்தான் நாம் அப்படிச் சொல்வோம். செடியைக் காப்பாற்றலாம் என்று சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். இது அவருக்குப் புரிந்தது.

"எத்தன நாள் ஆகும்?"

"ஒரு மாசமுங்க."

"எடுத்துட்டுப் போங்க. பையர் கண்ல படாம இருந்தாச் சரி."

செடியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து மங்கலம் சாலை வழியாக வீட்டுக்குக் கொண்டுபோனேன். பின்வாசலில் செய்தித்தாளை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தபோதுதான் டேப்பைப் பார்த்தேன். மூன்று சுற்று, நம் கம்பெனியின் பெயர் அச்சடித்தது. கிழித்ததும் கறுப்பாகத் தண்ணீர் கொட்டியது. ஈரத்தோடு மூட்டை கட்டி மறந்துபோன துணியின் வாடை.

வேர்கள் பழுப்பாக இருந்தன. விரலால் இழுத்தால் தோல் கழன்று நூல் மட்டும் கையில் வந்தது. உங்கள் மேசை மேல் கிடந்த டிரிம்மரை, அதாவது தையலில் மிஞ்சிய நூலை வெட்டும் அந்தக் குட்டிக் கத்திரியை, எடுத்துவந்திருந்தேன். சுடுதண்ணீரில் கழுவி, அழுகியதையெல்லாம் வெட்டினேன். வெட்ட வெட்ட இன்னும் இருந்தது. கடைசியில் நான்கு வெள்ளை வேர்கள், இரண்டு இலைகள்.

என் மனைவி வாசலில் வந்து நின்றார். "சாக்கடைய ஊட்டுக்குள்ள கொண்டாந்துட்டீங்களா?"

"அவருது."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வெட்டுவதைப் பார்த்தார். பிறகு சாதாரணமாக, நாளைக்கு என்ன சமைப்பது என்று கேட்கிற குரலில் சொன்னார்: "அன்னிக்கு அவரு கண்ணு மஞ்சளா இருக்குதுன்னு எங்கிட்ட வந்து சொன்னீங்க. அவருகிட்டப் போய்ச் சொல்லுங்கன்னேன்."

"ஆமா."

"சொல்லலீல்ல."

"இல்ல."

அவர் எழுந்துபோய் ஒரு பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வேரைக் கழுவுவதற்கு. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதற்கு இப்போதுதான் நேரம் வந்திருக்கிறது, அதாவது நேரம் போன பிறகு.

பொங்கலூரில் இருக்கும் மைத்துனர் தேங்காய் நார்க் கழிவு ஒரு பை கொடுத்தார். உப்புப் போக மூன்று தண்ணீர் அலசி, மணலும் பழைய மண்ணும் கலந்து, அடியில் ஓட்டை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து, சின்னத் தொட்டியில் நட்டேன். வெயில் நேராகப் படாத வடக்கு ஜன்னலில் வைத்தேன். அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் விரலை வைத்துப் பார்ப்பேன். ஈரம் இருக்கும். எழுந்து போவேன்.

பன்னிரண்டாம் நாள் இரண்டு இலையில் ஒன்று மஞ்சளானது. இரண்டில் ஒன்று எந்த அட்டவணையிலும் தேறாது. மைனர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அதை வெட்டிவிட்டு மிச்சம் ஒற்றை இலையோடு இருந்தேன். என் மனைவி ஒருநாள் ஜன்னல் பக்கம் போய்விட்டு, "இன்னும் இருக்குது," என்று மட்டும் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இருபத்தாறாம் நாள், அந்த ஒற்றை இலையின் தண்டைப் பிளந்துகொண்டு பச்சை ஊசி போல ஒன்று தெரிந்தது. சுருட்டிய இலை. அது விரிய இன்னும் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. நீங்கள் ஒரு லாட்டைப் பார்க்க எடுத்துக்கொள்கிற நேரம்தான், சுமாராக.

செடி திரும்ப உங்கள் மேசைக்கு வந்துவிட்டது. சுவரிலிருந்த தாளைக் கிழித்துவிட்டேன். "ரீபிராசஸ் ஆயிருச்சுங்களா?" என்றார் முதலாளி. "ஆயிட்டு இருக்குதுங்க," என்றேன். ஸ்டோர் கீப்பர் மாலையில் டம்ளரோடு வந்தார். "விரல வெச்சுப் பாருங்க," என்றேன். ஈரமாக இருந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் நாற்காலியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தத் தண்ணீரை அவரே குடித்துவிட்டுப் போனார்.

இன்னொரு விஷயம். கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் ராசப்பண்ணனின் கால், போன மாதம் ஒரு காலையில் வெயிலில் பார்த்தபோது வீங்கியிருந்தது. செருப்பு வார் பதிந்த தடம் குழியாக நின்றது. நான் அவரைத் தாண்டிப் போய்விட்டேன். ஏழெட்டு அடி போனபின் திரும்பி வந்தேன்.

"காலு வீங்கியிருக்குதுங்கண்ணா."

"நிக்கற வேலைங்க சார். வீங்கத்தான் செய்யும்."

"நிக்கற எல்லார்த்துக்கும் வீங்கறதில்லீங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"லீவு குடுக்க மாட்டாங்களே."

"நாஞ் சொல்லிக்கறேன். போகலீன்னா நாளைக்குக் கேட்டத் தெறக்க உட மாட்டேன்."

"என்னுங்க சார், என்னையும் ரிஜெக்ட்டு பண்றீங்களா?"

சிறுநீரகம் கொஞ்சம் சுணக்கமாம். மாத்திரை கொடுத்து உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது தினமும் உப்பில்லாத ரசத்தைச் சாப்பிட்டுவிட்டு, நான் உள்ளே நுழையும்போது வணக்கத்தில் கொஞ்சம் குறைத்து வைக்கிறார். போன வாரம் நான் ஒரு பச்சை நிற லாட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்துத் திருப்பி அனுப்பியதும் சேர்ந்து, என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் புழங்க ஆரம்பித்திருக்கிறது. புதிய பெயர் வைக்க யாருக்கும் சோம்பல். உங்களுடையதையே எடுத்துக்கொண்டார்கள்.

புது இலையை உங்கள் கவரிலிருக்கும் இலையோடு வைத்துப் பார்த்தேன். ஒத்துப்போகவில்லை. சீட்டில் உங்கள் கையொப்பத்தின் கீழே இன்னொரு கையொப்பத்துக்கு இடமிருக்கிறது. நான் போடவில்லை. ஓர் இலையை வைத்து லாட்டை ஒப்புக்கொள்ளக்கூடாது என்று நீங்கள் சொல்வீர்கள். கவரை மறுபடி இழுப்பறையிலேயே வைத்தேன்.

இன்று காலை கம்ப்யூட்டரைத் தொடும் முன் விரலை மண்ணில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கணு ஆழத்தில் ஈரம் இருந்தது. பாட்டிலைத் திறக்கவில்லை.